பரணில் கிடக்கும் கவர்மென்ட் லேப்டாப்புகளுக்காக: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பாலிடெக்னிக், ஐடிஐ, கலை அறிவியல் கல்லூரி முதல்வர்களுக்கும், கணினித் துறைத் தலைவர்களுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கல்லூரியில் ஒரு மேஜை கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு பிற்பகல் போதும். நாலு ஸ்க்ரூ டிரைவர், நல்ல வெளிச்சம் தரும் விளக்கு ஒன்று, கணினி படிக்கும் மாணவர்கள் சிலர், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியர். ஊரில் எந்த வீட்டுப் பரணிலாவது கிடக்கும் அரசு மடிக்கணினியை யாரேனும் அங்கே தூக்கி வந்தால், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்புப் பொருளான எஸ்எஸ்டியைப் போட்டு, வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகமான ரேமைக் கூட்டி, கொண்டுவந்தவர் கையாலேயே மூடவைத்து அனுப்ப வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

நான் ஒரு சிறிய ஊரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த வேலையைக் கடைக்காரர்களாகிய நாங்களே செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறோம். ஆனால் கடை வரை வருகிற லேப்டாப்புகள் கொஞ்சம்தான். பொருள் விலையோடு எங்கள் கூலியும் சேரும்போது, 'பழசுக்கு இவ்வளவு செலவு எதுக்கு' என்று பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கூலி இல்லாமல், கற்றுக்கொள்வதற்காகவே இதைச் செய்யக்கூடிய கைகள் உங்கள் வகுப்பறையில்தான் இருக்கின்றன.

2011 செப்டம்பரில் தொடங்கியது விலையில்லா மடிக்கணினித் திட்டம். தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்து கொடுக்க, அடுத்து வந்த ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் லேப்டாப்புகள் மாணவர் கைக்குப் போயின. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி. சேமிப்புக்கு 320 அல்லது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்குப் பிளஸ் டூ முடித்த பிள்ளை இன்று ஓசூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கும். லேப்டாப் மட்டும் அதே கறுப்புப் பையில், அரிசி மூட்டைக்கு மேல், பழைய பாடப் புத்தகங்களோடு கிடக்கிறது. தம்பியோ அக்கா மகளோ எடுத்துப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆன் ஆக ஐந்து நிமிஷம், பிரவுசர் திறக்க இன்னொரு ஐந்து நிமிஷம். 'ஹேங் ஆகுது' என்று திரும்ப மேலே ஏற்றிவிட்டார்கள்.

அப்படிக் கிடப்பதில் பெரும்பாலானவை செத்தவை இல்லை. பிராசஸர் நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டில் ஒன்றிரண்டு எழுத்து மட்டும் தேய்ந்திருக்கும். மெதுவாகப் போவதற்குக் காரணம் இரண்டே பொருள்கள். இரண்டையும் கழற்றி மாட்ட முடியும்.

முதல் பொருள் ஹார்ட் டிஸ்க். அதற்குள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் தட்டில் எங்கே இருக்கிறதோ அங்கே ஊசி நகர்ந்து, அந்த இடம் சுற்றிவரும் வரை காத்திருந்து படிக்க வேண்டும். இப்படி இடம் மாறி மாறித் தேடுவதென்றால் ஒரு நொடிக்கு நூறு தடவைகூடத் தேறாது. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை இப்படித்தான் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் கிடையாது, நகர்கிற ஊசியும் கிடையாது. அதே தேடலை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். பழைய லேப்டாப்பில் டிஸ்கைப் போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பு எஸ்எஸ்டியின் முழு வேகத்தையும் விடாது, நொடிக்கு 550 எம்பியைத் தாண்டாது. அதுவே தாராளம். ஐந்து நிமிஷம் எடுத்தது அரை நிமிஷத்தில் எழும்பிவிடும்.

இரண்டாவது பொருள் ரேம். 2 ஜிபி ரேமில் இன்றைய பிரவுசர் நாலு பக்கம் திறந்தாலே நிரம்பிவிடும். நிரம்பியதும் மிச்ச வேலையெல்லாம் அந்த மெதுவான ஹார்ட் டிஸ்க் தலையில் விழும். ஹேங் ஆகும்போது பக்கத்தில் சிவப்போ வெள்ளையோ ஒரு விளக்கு விடாமல் துடிக்குமே, அது இந்தச் சுமைதான். அதனால் கையில் ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை முதலில் போடச் சொல்லுங்கள். ரேமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

இனி, உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன். எங்கள் கடைக்கு வரும் மற்ற லேப்டாப்புகள் ஆளுக்கு ஒரு மாடல். ஒவ்வொன்றையும் புதிதாகப் படித்துத்தான் திறக்க வேண்டும். அரசு கொடுத்தவை அப்படி இல்லை. மொத்தக் கொள்முதல் என்பதால் ஒரே மாடல் லட்சக்கணக்கில் வந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்கள் வீடுகளில் கிடப்பவை பெரும்பாலும் ஒரே ஒரு மாடலாக, மிஞ்சினால் இரண்டு மூன்று மாடலாக இருக்கும். ஒன்றைத் திறக்கத் தெரிந்த மாணவர் அத்தனையையும் திறப்பார். மதர்போர்டு போன ஒரு லேப்டாப்பிலிருந்து ரேம் இன்னொன்றுக்குப் போகும், கீபோர்டு மூன்றாவதற்குப் போகும், அடிமூடியின் ஸ்க்ரூக்கள்கூட வீணாகாது. இந்த ஒற்றுமை எந்தத் தனியார் கடைக்கும் கிடைக்காத வசதி. இந்தத் திட்டம் தன்னை அறியாமலே தமிழ்நாட்டுக்கு விட்டுப்போன சொத்து என்றே இதைச் சொல்வேன்.

இன்றைய விலை நிலவரமும் இதைத்தான் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. எஸ்எஸ்டியும் கூடவே ஏறுகிறது. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் சில்லறைக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்ததை நிறுத்திக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்களைப் போன்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போட்ட பெயர் அது. புது லேப்டாப்பின் விலையிலும் இந்த ஏற்றம் வந்து சேர்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில், பரணில் கிடக்கும் செத்த லேப்டாப் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டு ரேம் சும்மா இருக்கிறது. இரண்டு துண்டு சேர்ந்தால் ஒரு பிள்ளை படிக்கலாம்.

வேலை எவ்வளவு கடினம் என்று கேட்பீர்கள். பக்கத்தில் நின்று பார்ப்பதுபோலச் சொல்கிறேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைக் கவிழ்த்து, இரண்டு தாழையும் நகர்த்திப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பழைய மாடல்களில் அது வெளியிலிருந்தே கழலும். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரத்தை வடியவிட வேண்டும். பெயின்ட் இல்லாத இரும்பு எதையாவது ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே வைக்க வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் நமக்கு உறைக்காது, சிப்புக்கு உறைக்கும்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் வைத்து முறுக்கினால், கை வைக்கும் பக்கம் பிளாஸ்டிக் புடைத்து வரும், சில சமயம் போர்டையே பதம் பார்த்துவிடும். ஆகவே ஓர் அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைக்கச் சொல்லுங்கள். இதை முதல் நாளே பழக்கிவிட்டால் பாதித் தகராறு குறையும். மூடியை நெம்ப இரும்பு கூடாது, காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் விசிறியின் வாயில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். பிரஷ்ஷால் அதை எடுத்தாலே சூடு நன்றாக இறங்கும்.

ரேமின் இரண்டு பக்கமும் உள்ள சின்னக் கிளிப்புகளை வெளிப்பக்கம் விலக்கினால், அது தானாகச் சாய்ந்து எழும்பும். புது ரேமை அதே சாய்வில், அதன் பள்ளத்தை, ரேம் செருகும் இடமான ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, தங்க நிற முனைகள் உள்ளே போகும் வரை தள்ளி, பிறகு கீழே அமுக்க வேண்டும். இரண்டு கிளிப்பும் 'டிக்' என்று விழும். அந்தச் சத்தம் வராமல் மூடக் கூடாது. ஹார்ட் டிஸ்க் ஓர் இரும்புச் சட்டத்தில் நாலு ஸ்க்ரூவோடு இருக்கும். அதைப் பக்கவாட்டில் இழுத்து எடுத்து, அதே சட்டத்தில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டியை மாட்டித் திரும்பத் தள்ளினால் முடிந்தது. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 என்பதால் சிலவற்றில் லேசாக ஆடும். மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை ஒட்டினால் நின்றுவிடும்.

இதற்குள் மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஆசிரியர்களுக்காக அவற்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று இரண்டு வகை. இரண்டுக்கும் 204 முனைதான், ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35. 2013க்குப் பிறகு வந்த இன்டெல் லேப்டாப்புகள் பலவும் குறைந்த வோல்ட்டை மட்டுமே ஏற்கும். சந்தேகம் வந்தால் டிடிஆர்3எல் வாங்குங்கள், அது இரண்டிலும் ஓடும். டிடிஆர்4 உள்ள மாடல் வந்தால் குழப்பமே இல்லை. 260 முனை, பள்ளமும் வேறு இடத்தில், தப்பாக மாட்டவே முடியாது.

அடுத்தது, ரேமைக் கூட்டிய பிறகும் 'கூடவே இல்லையே சார்' என்பார்கள். போய்ப் பார்த்தால் உள்ளே 32 பிட் விண்டோஸ் 7 இருக்கும். அதற்கு 4 ஜிபிக்கு மேல் கண் தெரியாது, அதிலும் 3 சொச்சம்தான் காட்டும். 64 பிட் ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்ற வேண்டும். இன்னொன்று, பல வருஷம் பரணில் கிடந்ததால் போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரி செத்திருக்கும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும், பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை' என்று வரும். பிள்ளைகள் வைரஸ் என்று பயந்துபோவார்கள். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் அந்தச் சின்ன வில்லையை மாற்றினால் சரியாகிவிடும்.

ஆன்லைனில் 2 டிபி (சுமார் 2,000 ஜிபி) எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய் என்று வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவாகக் காட்டும்படி ஏமாற்றி வைத்திருப்பார்கள். நீங்கள் போடும் படங்கள் ஏறுவதுபோல் ஏறி அழிந்துபோகும். தெரிந்த பெயரில் 120 அல்லது 240 ஜிபி போதும். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் கழற்றி எடுத்த டிடிஆர்3 ரேமைச் சோதித்துப் பார்த்தே வாங்கலாம். பழைய ரேம் எதுவானாலும், ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டு, ஒரு பிழையும் வராததை மட்டும் கொடுங்கள்.

எந்த ஓஎஸ் என்ற கேள்வியில் என் முடிவு திடமானது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்தால் நாளைக்கு ஓர் அப்டேட்டில் நின்றுபோகலாம், அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்? விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் என்ற ஓஎஸ்ஸை ஏற்றுங்கள். இந்த லேப்டாப்புகளில் பலவற்றில், மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸின் இலகுவான வடிவமான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ சிரமமில்லாமல் ஓடும். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. நிரல் எழுதப் பைத்தான் இருக்கிறது, கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவருக்கும், பிசிஏ முதலாண்டுப் பிள்ளைக்கும், ஊராட்சிக் கணக்கு எழுதுகிற மகளிர் குழுவுக்கும் வேறென்ன வேண்டும்? வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டு எல்லாம் இதில் நடக்காது. லேப்டாப்பைக் கொண்டுவரும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் தயங்கக்கூடிய இடம் எனக்குத் தெரியும். 'ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு? உள்ளே இருக்கும் போட்டோக்கள் வெளியே போனால்?' இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த ஹார்ட் டிஸ்கில் ஒரு பெண்ணின் கல்லூரிப் படங்கள் இருக்கும், இறந்துபோன அப்பாவின் வீடியோ இருக்கும், ஆதார் நகல், வங்கித் தாள் எல்லாம் இருக்கும். அதனால் ஒரு விதியை எழுதி மேஜைக்கு மேல் ஒட்டுங்கள்: உரிமையாளர் பக்கத்தில் இல்லாமல் எந்த லேப்டாப்பும் திறக்கப்படாது, கழற்றிய ஹார்ட் டிஸ்க் அந்த நிமிஷமே அவர் கைக்குப் போகும், கல்லூரியில் ஒரு டிஸ்க்கூட ராத்திரி தங்காது. யூஎஸ்பி பெட்டி ஒன்றை வாங்கி அந்த டிஸ்கை உள்ளே போட்டுக்கொண்டால், வேண்டிய படங்களை அவரே தன் வீட்டில் எடுத்துக்கொள்வார். உங்கள் மாணவர் யாரும் அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே வராது. எஸ்எஸ்டியில் ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழையதை அப்படியே நகலெடுத்தால் பழைய குப்பையும் கூடவே வரும்.

உடைவதைப் பொறுத்தவரை ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த லேப்டாப்புகளின் உத்தரவாதக் காலம் முடிந்து வெகுநாளாகிறது, அதைப் பற்றிய கவலை இல்லை. உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது உப்பிய பேட்டரி. கழற்றும்போது பேட்டரி புடைத்திருந்தால் அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, திரும்ப மாட்டவும் கூடாது. பழைய மாடல்கள் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும், அப்படியே கொடுத்தனுப்பலாம். புடைத்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பேட்டரிக் கழிவை ஏற்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும். பழைய கணினிகளுக்கு 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன, பேட்டரிக்குத் தனியாக 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. உங்கள் ஆய்வகப் பழைய கணினிகளை எப்படியும் அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் அனுப்பப் போகிறீர்கள், பேட்டரியையும் எடுப்பார்களா என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வருஷம் பிசிஏ படித்துவிட்டு, ரேம் ஸ்லாட்டை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல் வெளியே வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். எங்கள் கடைக்கு வேலை கேட்டு வருகிறார்கள். மெமரி பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதத் தெரியும், அதைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது. அவர்கள்மேல் குற்றமில்லை. ஆய்வகத்தில் கணினிக்கு உறை போட்டு, சிபியுவுக்குப் பூட்டுப் போட்டு, 'தொடாதே' என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். ஐடிஐகளில் கணினி வன்பொருள் பராமரிப்புக்கென்றே ஒரு தொழிற்பிரிவு இருக்கிறது. பக்கத்து ஊர் ஐடிஐ பயிற்றுநரையும் உங்கள் கல்லூரி மாணவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போகும். பிசிஏ பிள்ளை லினக்ஸ் ஏற்றும், ஐடிஐ பிள்ளை சால்டர் வைக்கும்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்குத் தனியாக ஒன்று. ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போகிறீர்கள். குளம் தூர்வாருகிறீர்கள், சீமைக் கருவேலம் வெட்டுகிறீர்கள், கண் மருத்துவ முகாம் நடத்துகிறீர்கள். அடுத்த முகாமில் ஒரு நாளை இதற்குக் கொடுங்கள். முதல் நாள் மாலை மாணவர்கள் வீடு வீடாகப் போய் 'கவர்மென்ட் லேப்டாப் இருக்கா' என்று கேட்டு மாடல் பெயரைக் குறித்துவரட்டும். அந்த மாடலுக்கு என்ன ரேம், எத்தனை ஸ்லாட் என்று ராத்திரியே பார்த்துவிடலாம். கொண்டுவந்து ஆன் செய்ய முடிந்தால் விண்டோஸ் 8, 10 உள்ளவற்றில் டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்லாட் கணக்குத் தெரியும். ஐந்தாம் நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேஜை போடலாம்.

இப்போது கொடுக்கப்படும் புது லேப்டாப்புகளுக்கும் இது பொருந்தும். 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்த திட்டத்தில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ளவை வருகின்றன. உத்தரவாதக் காலத்தில் அவற்றைத் திறக்க வேண்டாம். ஆனால் எந்த மாடலில் காலி ஸ்லாட் இருக்கிறது, எதில் ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று இப்போதே பட்டியல் எடுத்து, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள். படிப்பு முடியும் சமயத்தில் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.

எங்கே தொடங்குவது என்றால், உங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஓரங்கட்டி வைத்திருக்கும் லேப்டாப் ஒன்று கட்டாயம் இருக்கும். முதல் பிற்பகலில் அதைத் திறந்து பழகச் சொல்லுங்கள். ரேமைக் கழற்றி மாட்டி, டிஸ்கைக் கழற்றி மாட்டி, எல்லாரும் ஆளுக்கொரு தடவை அந்த 'டிக்' சத்தத்தைக் கேட்கட்டும். அதன் பிறகு வெளியாள் லேப்டாப்பில் கை வைத்தால் போதும். பக்கத்து ஊர்க் கல்லூரி எதுவானாலும், கடைக்கு வார விடுமுறை நாளில் நானே ஸ்க்ரூ டிரைவர்களோடு வந்து முதல் வகுப்பை எடுக்கத் தயாராக இருக்கிறேன். என்னைப் போல எல்லா ஊரிலும் சர்வீஸ் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டுப் பாருங்கள், வருவார்கள்.

நன்றியுடன்,
லேப்டாப் பழுது பார்க்கும் ஒருவன்